கத்தி வரிசையின் சர்க்கரை

சங்கக்காவுக்கு அவள் அப்பா அம்மா வைத்த பெயர் வேறு. அன்னாசிப் பழத் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிவதைச் சொல்லும் சங்கு ஒருநாள் பழுதாகிவிட்டது. என்ன செய்வது என்று மேஸ்திரி கையைப் பிசைந்துகொண்டிருக்க, இவள் வாசலில் நின்று, "எல்லாரும் கத்தியக் கீழ வைங்கடி, மணியாச்சு!" என்று ஒரு சத்தம் போட்டாள். இருநூறு பேரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். அன்றிலிருந்து அவள் சங்கு, வயதில் சின்னவர்களுக்குச் சங்கக்கா. பதினெட்டு வருஷம் அங்கே பழத்துக்குத் தோல் சீவியவள், இப்போது நான்கு மாதமாகப் பக்கத்துச் சுகாதார நிலையத்தில் வேலை செய்கிறாள். கழுத்தில் அட்டை, தோளில் பை, தெருத்தெருவாக நடை.

அந்த வேலை வந்த கதையே தனி. சுகாதார நிலையத்தில் எல்லாம் புதுசு. பெஞ்சு புதுசு, தராசு புதுசு, மின்விசிறி சத்தமே போடாது. ஆள்தான் வரவில்லை. தொழிற்சாலைத் தெருக்காரர்கள் காய்ச்சல் என்றால் மருந்துக் கடையில் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு படுத்தார்களே ஒழிய, அந்தப் படியை மிதிக்கவில்லை. நோய் முற்றிய பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஊருக்குள் மற்ற இடங்களைவிட இந்த ஆறு தெருவில்தான் கால் எடுத்தவர்களும் கண் போனவர்களும் அதிகம். கடைசியில் டாக்டரம்மா மேலிடத்தோடு மல்லுக்கட்டி, அந்தத் தெருக்காரர்களிலேயே நான்கு பேரை வேலைக்கு எடுத்தார். பழம் சீவிய சங்கக்கா, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர், காது கேளாதவர்களோடு கை ஜாடையில் பேசத் தெரிந்த தையல்காரப் பெண், வேறு பாஷைக் கூலிக்காரர்கள் தங்கும் விடுதியிலிருந்து ஒரு கொத்தனார்.

நான்கு பேரும் வரிசையாக உள்ளே வந்த முதல் நாள், மருந்து கொடுக்கும் கம்பவுண்டர், "இது ஆஸ்பத்திரியா சந்தையா?" என்று வாய்க்குள் முணுமுணுத்தார்.

"சந்தைக்குத்தான் சார் கூட்டம் வரும்" என்றாள் சங்கக்கா. கம்பவுண்டர் அப்புறம் அவள் இருக்கும்போது முணுமுணுப்பதை விட்டுவிட்டார்.

ஆனால் கூட்டம் வரவில்லை. சங்கக்காவைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார்கள். பதினெட்டு வருஷம் தோளோடு தோள் நின்றவர்கள், ஒரே டப்பாவில் சோறு தின்றவர்கள், கழுத்து அட்டையைப் பார்த்ததும் அடுப்பில் வேலை இருக்கிறது என்றார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. ஆனால் அவர்கள்மேல் கோபப்படவும் முடியவில்லை. காரணம் அவளுக்கே தெரியும்.

போன வருஷம் சுகாதார நிலையத்திலிருந்து தொழிற்சாலை வாசலுக்கு வந்து முகாம் போட்டார்கள். ஷிப்ட் முடிந்து வெளியே வந்தவர்களை நிறுத்தி, விரலை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கருவியில் வைத்துப் பார்த்தார்கள். நாற்பத்தொரு பேரில் இருபத்தொன்பது பேருக்குச் சர்க்கரை வியாதி என்று வந்தது. எல்லாருக்கும் மாத்திரை கொடுத்து, மறுநாள் வந்து கட்டாயம் பெரிய பரிசோதனை செய்துகொள்ளச் சொன்னார்கள். மறுநாள் லீவு போட்டால் ஷிப்ட் போய்விடும் என்று ஒருத்தியும் போகவில்லை. மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டார்கள். நாலாவது நாள் காலை எட்டு மணிக்கு ஒருத்தி கையில் கத்தியோடு மயங்கி விழுந்தாள். கத்தி அவள் தொடையை உரசிக்கொண்டு போனது, இன்னும் இரண்டு அங்குலம் நகர்ந்திருந்தால் வயிறு. மேனேஜர் பயந்துபோய், சர்க்கரை என்று சீட்டு வாங்கிய அத்தனை பேரையும் பழம் சீவும் கத்தி வரிசையிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் தூக்கிக் கூடை கழுவும் தொட்டிக்கு மாற்றிவிட்டார். கத்தி வரிசை என்றால் அங்கே ஒரு மரியாதை. கூடை தொட்டி, புதுசாக வருகிறவர்களுக்கு.

மயங்கி விழுந்தவள் வேறு யாருமில்லை, சங்கக்காவின் நாத்தனார், அவள் வீட்டுக்காரரின் கூடப்பிறந்த தங்கை. ஒரு நிமிஷத்தில் நாலு பழம் தோல் சீவி, கண் எடுத்து, நடுத்தண்டு நீக்கி வைப்பாள். அந்த வேகத்துக்கு வரிசையில் ஆள் கிடையாது. இப்போது கை ஊறிப்போகக் கூடை தேய்க்கிறாள். அண்ணி சுகாதார நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

"என்னைக் கத்தி வரிசைய விட்டு எடுக்க வச்சவங்ககிட்டயே போய் சம்பளம் வாங்கறாங்களே உன் பொண்டாட்டி" என்று அண்ணனிடம் மட்டும் சொல்லி அனுப்பினாள். அவர் பாவம், இரண்டு பேர் சொல்வதற்கும் தலையை ஆட்டிவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார்.

"உங்க தங்கச்சி கையில கத்திய நான் திரும்ப வாங்கிக் குடுக்கறேன். இல்லன்னா இந்த அட்டையக் கழட்டி வச்சிட்டு நானும் கூடை கழுவப் போறேன்" என்றாள் சங்கக்கா. வாய் இருக்கிறதே என்று சொல்லிவிட்டாளே தவிர, எப்படி என்று அவளுக்குத் தெரியாது.

இந்த வருஷ முகாமுக்கு நாள் குறித்தார்கள். வருகிற வெள்ளிக்கிழமை, அதே வாசல், அதே ஷிப்ட் முடிகிற நேரம். இந்த முறை இருநூறு பேருக்கும். மேனேஜர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்: சர்க்கரை என்று வருகிறவர்களைக் கத்தி வரிசையில் வைத்துக்கொள்ள முடியாது, வெளியிலிருந்து ஆள் எடுத்துக்கொள்வோம். சங்கக்கா கணக்குப் போட்டுப் பார்த்தாள். போன முறைபோலவே வந்தால் வரிசையே காலி. அதற்கப்புறம் இந்த ஆறு தெருவில் சுகாதார நிலையத்தின் பெயரைச் சொன்னாலே துரத்தி அடிப்பார்கள்.

திங்கட்கிழமை பெரிய சிஸ்டர் போன வருஷப் பட்டியலை அவளிடம் கொடுத்து, தெருவாரியாகப் பிரித்து எழுதச் சொன்னார். பெயர், வயது, வீட்டு எண், சர்க்கரை அளவு. சங்கக்கா ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்தாள். இவள் கத்தி வரிசை. இவளும் கத்தி வரிசை. இவள் துண்டு போடுகிறவள். இவள் சாறு பிழியும் இடம். அதற்கப்புறம் சர்க்கரை இல்லை என்று வந்த பன்னிரண்டு பேர். ஆபீஸ் பெண் ஒருத்தி, வாட்ச்மேன், அட்டைப்பெட்டி ஒட்டுகிறவர்கள், லேபிள் அறைக்காரிகள். பன்னிரண்டாவது பெயர் அவளுடையதே. அவளும் கத்தி வரிசைதானே, அவளுக்கு எப்படி இல்லை என்று வந்தது?

அவள் தன் இடது கட்டைவிரலைப் பார்த்தாள். அந்த வாரம் விரலில் வெட்டு வாங்கி, தையல் போட்டு, மேஸ்திரி அவளை லேபிள் ஒட்ட அனுப்பியிருந்தார். ஒரு வாரம் பழத்தையே தொடவில்லை.

பழம் தொட்டவர்களுக்கெல்லாம் சர்க்கரை, தொடாதவர்களுக்கு இல்லை. பட்டியலில் வயது இருந்தது, வீட்டு எண் இருந்தது. யார் என்ன வேலை செய்கிறார் என்று எழுத ஒரு கட்டம் இல்லை. அதனால் இது யார் கண்ணிலும் படவில்லை. சங்கக்காவுக்கு அந்தக் கட்டம் தேவையே இல்லை, எல்லாரும் எந்த இடத்தில் நிற்பார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள்.

செவ்வாய்க்கிழமை காலைக் கூட்டத்தில் எழுந்து நின்றாள்.

"டாக்டரம்மா, அது ரத்தத்துல இருந்த சர்க்கரை இல்ல. விரல்ல இருந்தது."

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். நல்ல மனுஷி, கெட்டிக்காரி, படித்த இடமெல்லாம் பெரிய இடம். பழத்தொழிற்சாலை உள்ளே எப்படி இருக்கும் என்று மட்டும் பார்த்ததில்லை.

"ஸ்பிரிட் வச்சு துடைச்சுட்டுத்தானே குத்தறோம்?" என்றார்.

"எங்க கையப் பத்தி உங்களுக்குத் தெரியாதும்மா. ஒன்பது மணிக்கெல்லாம் துணி கிளவுஸ் தொப்பலா நனைஞ்சிடும். சாறு நக இடுக்குல, தோல் வெடிப்புலலாம் இறங்கி நிக்கும். ஷிப்ட் முடிஞ்சதும் குழாய்ல கைய நனைச்சுட்டு ஓடுவோம், பஸ்ஸ விட்டா அரை மணி நேரம் நிக்கணும்ல. வீட்டுக்குப் போயி படுத்தா எறும்பு வந்து விரலக் கடிக்கும். பஞ்சுல ஒரு தடவு தடவினா அது போகுமா?"

"சும்மா ஊகத்துல பேசக்கூடாது" என்றார் கம்பவுண்டர்.

"ஊகம் எதுக்கு சார்? பழம் கொண்டாந்திருக்கேன்."

பையைத் திறந்து ஒரு அன்னாசியை மேஜைமேல் வைத்தாள். கூடவே தன் பழைய கத்தி, ஒரு பழைய செய்தித்தாள். கண்டக்டர் அண்ணன் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். பெரிய சிஸ்டருக்கு முகம் சிவந்தது, கூட்டம் நடக்கிற மேஜையில் இது என்ன கூத்து என்று. டாக்டரம்மா மட்டும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"முதல்ல இப்படியே பாருங்கம்மா" என்று சங்கக்கா கையை நீட்டினாள். நூற்று நான்கு, சர்க்கரை இல்லாதவர்களின் அளவு. பிறகு பழத்தைச் சீவினாள். நாலு மாதம் ஆகியும் கை மறக்கவில்லை. கொண்டையைத் திருகி எடுத்து, மேலிருந்து கீழாகத் தோலை இழுத்து, கண்களைச் சாய்வாக வெட்டி எடுத்தபோது கொத்தனார் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். சாறு முழங்கை வரை வழிந்தது. குழாயில் கையை ஒரு நனை நனைத்தாள், பஸ்ஸுக்கு ஓடுகிறவள் மாதிரி. புடவை ஓரத்தில் துடைத்துக்கொண்டு விரலை நீட்டினாள்.

"போன வருஷம் துடைச்ச மாதிரியே துடைங்க. கூடவும் வேணாம், குறையவும் வேணாம்."

பெரிய சிஸ்டர் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தார், குத்தினார். கருவி ஐந்து விநாடி யோசித்தது. இருநூற்று எண்பத்தேழு.

சங்கக்கா எழுந்து போய், சோப்பு போட்டு, நகத்துக்குள் பிரஷ் விட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் பொறுமையாகக் கழுவித் துடைத்துவிட்டு வந்து அதே விரலை நீட்டினாள். நூற்று ஆறு.

கம்பவுண்டர் முகத்தில் ஈயாடவில்லை. டாக்டரம்மா மூன்று எண்களையும் தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார்.

"மாத்திரையைக் காலைச் சாப்பாட்டுக்கு முன்னாடி போடச் சொன்னேன்" என்றார், தனக்குத்தானே பேசுகிற மாதிரி. "நீங்கள்லாம் காலைல எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க?"

"அஞ்சு மணிக்குக் கிளம்பற வீட்ல யாரும்மா சாப்பிடுவா? பத்தரை மணி இடைவேளைலதான் டப்பாவத் திறப்போம். சீட்டுல காலைல-ன்னு போட்டிருந்துச்சு, எழுந்ததும் போட்டுக்கிட்டாங்க."

"நாலரை மணிக்கு மாத்திரை, பத்தரைக்குச் சாப்பாடு. வெறும் வயித்துல சர்க்கரை இறங்கித்தான் அவங்க விழுந்திருக்காங்க." டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "தப்பு பண்ணிட்டேன். நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

பெரிய டாக்டர்கள் வாயிலிருந்து அந்த வார்த்தையை சங்கக்கா கேட்டதே இல்லை. அவளுக்கு அந்த அம்மாவின்மேல் அன்றைக்குத்தான் மரியாதை வந்தது. அதுவரை பயம்தான் இருந்தது. "எங்ககிட்ட சொன்னா போதாதும்மா. அவங்ககிட்ட சொல்லுங்க" என்றாள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் டாக்டரம்மா எழுந்து, "இன்னிக்கே போலாமா?" என்றார்.

அன்று சாயங்காலம் தொழிற்சாலை வாசலில் டாக்டரம்மா ஒரு கவிழ்த்த கூடைமேல் ஏறி நின்றார். அவர் குரல் நாலு அடிகூடத் தாண்டவில்லை. பஸ்ஸுக்கு ஓடுகிறவர்களை நிறுத்தியது சங்கக்காதான். அந்த அம்மா சொல்லச்சொல்ல இவள் உரக்கச் சொன்னாள். கொத்தனார் தன் பாஷையில் திருப்பிச் சொன்னார், தையல்காரப் பெண் கையால் சொன்னாள்.

"போன வருஷம் உங்களை டெஸ்ட் பண்ணினது தப்பான முறைன்னு சொல்றாங்க! தப்பு நம்ம மேல இல்லயாம், அவங்க மேலயாம்! மன்னிச்சுக்கச் சொல்றாங்க!"

பஸ் வந்தது, போனது. ஒருவரும் ஏறவில்லை. கூட்டத்தில் ஒருத்தி, "அப்ப ஒரு வருஷமா நான் ஏன்டி கூடை கழுவினேன்?" என்று கேட்டாள். டாக்டரம்மா அந்தக் கேள்வியைத் தலை குனியாமல் நேராக நின்று வாங்கிக்கொண்டார். அது சங்கக்காவுக்குப் பிடித்திருந்தது.

வெள்ளிக்கிழமை முகாமை ஷிப்ட் தொடங்கும் முன்பே வைத்தார்கள். பழம் தொடாத கை, பக்கத்தில் வெந்நீர், சோப்பு, நகத்துக்குப் பிரஷ். யாரை எந்த வரிசையில் நிறுத்த வேண்டும் என்று தெருவிலிருந்து வேலைக்குச் சேர்ந்த நாலு பேரும்தான் முடிவு செய்தார்கள், பெரிய சிஸ்டர் அவர்களைக் கேட்டுக் கேட்டு நடந்தார். பழைய இருபத்தொன்பது பேருக்கும் விரலில் குத்தவே இல்லை. கை நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து, மூன்று மாதத்துச் சர்க்கரைச் சராசரி பார்க்க அனுப்பினார்கள். இருபத்தெட்டு பேர் வந்துவிட்டார்கள். எல்லாம் முடிந்து மேஜையை மடிக்கிற நேரத்தில் நாத்தனார் வந்தாள். அண்ணி நின்ற பக்கம் திரும்பாமலே சட்டைக் கையைச் சுருட்டி, ரத்தம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்த வியாழக்கிழமை முடிவு வந்தது. இருபத்தொன்பதில் இருபத்து மூன்று பேருக்குச் சர்க்கரை இல்லை. சங்கக்கா அந்த இடத்திலேயே துள்ளிக் குதித்துவிட்டாள். கண்டக்டர் அண்ணன் விசில் அடித்தார். ஆறு பேருக்கு உண்மையாகவே இருந்தது. அந்த ஆறில் ஐந்தாவது பெயர் நாத்தனாருடையது.

குதித்த கால் அப்படியே நின்றது. யாருக்காக இத்தனை கத்தினாளோ, அவளுக்கே இருக்கிறது. வீட்டுக்காரரிடம் பெரிதாகப் பேசியது நினைவுக்கு வந்தது. இனி எந்த முகத்தோடு அந்த வாசலில் போய் நிற்பது?

"நான் வந்து சொல்றேன்" என்றார் டாக்டரம்மா.

"வேணாம்மா. என் வாய்லேர்ந்தே வரட்டும். திட்டறதா இருந்தா என்னையே திட்டட்டும்."

முதலில் இருபத்து மூன்று வீட்டுக்கும் போய் இல்லை என்று சொன்னாள். ஒருத்தி கட்டிப் பிடித்தாள், ஒருத்தி ஒரு வருஷத்துக் கோபத்தையும் சேர்த்துக் கொட்டினாள். மேனேஜருக்கு டாக்டரம்மாவின் கடிதம் போய், அந்த இருபத்து மூன்று பேரும் திங்கட்கிழமையிலிருந்து அவரவர் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும் என்று முடிவாகிவிட்டது. பிறகு சர்க்கரை இருக்கிற மற்ற ஐந்து பேரின் வீடுகள். எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு, கடைசியாக நாத்தனார் வீடு.

அவள் வாசலில் உட்கார்ந்து வெடித்த கைகளுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். வாங்க என்று சொல்லவில்லை. சங்கக்கா எதிரில் தரையில் உட்கார்ந்தாள். சுற்றி வளைக்க அவளுக்கு வராது.

"உனக்கு இருக்கு" என்றாள்.

நாத்தனார் எண்ணெய் தடவுவதை நிறுத்தவில்லை. "மத்தவங்களுக்கு?"

"இருபத்து மூணு பேருக்கு இல்ல. ஆறு பேருக்கு இருக்கு. நீ ஆறுல ஒருத்தி."

"இல்லாதவங்ககிட்டலாம் போய் இல்லன்னு சொல்லிட்டீங்களா?"

"ஒவ்வொரு வீடாப் போய் சொல்லிட்டுத்தான் வரேன்."

"அந்த டாக்டரம்மா கூடையில ஏறி நின்னு தப்புன்னு சொன்னாங்கல்ல, அது நீங்க சொல்லித்தானா?"

"நான் பழம் சீவிக் காட்டினேன். மத்தது அவங்களாவே சொன்னது."

நாத்தனார் எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். "போன வருஷம் எல்லாருக்கும் இருக்குன்னாங்க. எல்லாருக்கும் இருக்குன்னா எப்படிங்க நம்பறது? அதான் நான் மாத்திரையத் தூக்கிப் போட்டேன். இப்ப இல்லாதவங்களுக்கு இல்லன்னு வீடு வீடாப் போய் சொல்லிட்டு, எனக்கு இருக்குன்னு எதிர்ல உக்காந்து சொல்றீங்க. இதையும் நம்பலன்னா நான் யாரைத்தான் நம்பறது, அண்ணி?"

ஒரு வருஷமாகக் கால் மரத்துப் போவதையும், ராத்திரி நாலு தரம் எழுந்து போவதையும் நாத்தனார் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள். எல்லாவற்றையும் அப்போதுதான் ஒவ்வொன்றாகச் சொன்னாள். காலின் அடியில் ஒரு சின்னப் புண், ஆறாமல் இருந்தது. இன்னும் ஆறு மாதம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சங்கக்கா நினைக்கக்கூட விரும்பவில்லை. இந்த ஆறு தெருவில் அதை நிறையப் பார்த்திருக்கிறாள்.

"மாத்திரை போட்டா மறுபடி விழுவேனா?"

"வேற மாத்திரை. பத்தரை மணிக்கு டப்பாவத் திறக்கறப்ப போட்டுக்க. இடைவேளை நேரத்த டாக்டரம்மாவே சீட்டுல எழுதிட்டாங்க. ஒரு மாசம் அளவு சரியா இருந்தா கத்தி வரிசையில நிக்கலாம்னு மேனேஜருக்கும் லெட்டர் போட்டிருக்காங்க. அந்தாள் சரின்னுட்டான்."

"இப்பவே போலாமா? திறந்திருக்குமா?"

"எனக்காகத் திறந்து வைப்பாங்க" என்றாள் சங்கக்கா. நாலு மாதத்துக்கு முன் அப்படி ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்திருக்குமா!

இரண்டு பேரும் தெருவில் இறங்கி நடந்தார்கள். சர்க்கரை என்ற சொல்லையே வாய்விட்டுச் சொல்லத் தயங்குகிற தெரு அது, சொன்னால் வேலை போய்விடும் என்கிற பயம். குழாயடியில் நின்ற ஒருத்தி, "என்னடி, அண்ணியும் நாத்தனாரும் ஒண்ணா எங்க கிளம்பிட்டீங்க?" என்று கேட்டாள்.

நாத்தனார் நின்றாள். குடத்தோடு நின்ற எட்டுப் பேரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி, பரீட்சையில் முதலாவதாக வந்தவள் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னாள்:

"எனக்குச் சர்க்கரை இருக்கு! எங்க அண்ணி கண்டுபிடிச்சது!"